கைடு யார் என்று முதலில் கேளுங்கள்

நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வின் முடிவு வெளியான வாரத்தில் கடலூர், புதுச்சேரிப் பக்கத்து இலக்கிய மாணவர்களிடையே முனைவர் பட்ட ஆய்வு பற்றி ஒரே கேள்விதான் சுற்றும்: "காலாப்பட்டுல போடலாமா, சிதம்பரத்துல போடலாமா?" நியாயமான கேள்விதான். கடலூரில் வீடு இருப்பவருக்கு வடக்கே காலாப்பட்டில் 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்த புதுவைப் பல்கலைக்கழகம், தெற்கே சிதம்பரத்தில் 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம். இரண்டுக்கும் காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பலாம். இந்த வசதி எல்லா ஊருக்கும் வாய்க்காது. ஆனால் அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்கள்தான் நெடுநாளாக உறுத்துகின்றன. "சென்ட்ரல் யுனிவர்சிட்டின்னா மதிப்பு." "அண்ணாமலைன்னா பாரம்பரியம்." "எங்க கிடைக்குதோ அங்க சேர்ந்துடு, பேருக்கு முன்னாடி டாக்டர் வந்துட்டா எங்க வாங்கினேன்னு யாரு கேக்கப் போறாங்க?" இந்த மூன்றில் எதுவும் அந்த மாணவரின் ஆய்வேட்டை யார் படிக்கப்போகிறார் என்று கேட்பதில்லை.

இலக்கிய ஆய்வுக்குப் பெரிய ஆய்வுக்கூடமோ கருவியோ வேண்டாம். ஒருவர் எழுதிக் கொடுப்பதை இன்னொருவர் வரி வரியாகப் படித்து, "இந்தப் பாடலுக்கு இந்தப் பொருள் எப்படி வரும்?", "இதை ஏற்கெனவே ஒருவர் சொல்லிவிட்டாரே, பார்த்தாயா?" என்று கேட்பதுதான் அங்கே பயிற்சி. குறைந்தது மூன்று ஆண்டுகள், விதிப்படி ஆறு ஆண்டுகள் வரை அது நடக்க வேண்டும். அந்த இன்னொருவர், அதாவது கைடு என்று நாம் சொல்லும் நெறியாளர், எழுதிக் கொடுத்ததைப் படிக்காதவராக இருந்தால், பல்கலைக்கழகத்தின் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மாணவர் தனியாகத்தான் எழுதிக்கொண்டிருப்பார். எங்கே என்ற கேள்வியை ஒரு மாதம் தள்ளிவைத்துவிட்டு, யார் என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

காலியிடக் கணக்கு

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 முனைவர் பட்ட ஒழுங்குமுறைகளை விண்ணப்பிக்கும் முன் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுவது நல்லது. சில பக்கங்கள்தான். அதன்படி ஒரே சமயத்தில் ஒரு பேராசிரியரிடம் 8 பேர், இணைப் பேராசிரியரிடம் 6 பேர், உதவிப் பேராசிரியரிடம் 4 பேர்தான் முனைவர் பட்ட ஆய்வாளர்களாக இருக்கலாம். துறையின் இணையப் பக்கத்தில் பத்து ஆசிரியர்களின் பெயர் இருக்கும். பத்துப் பேரிடமும் இடம் நிரம்பியிருந்தால் உங்களுக்கு அந்தப் பட்டியலால் பயனில்லை. உங்கள் ஆர்வம் சங்க இலக்கியம், காலியிடம் இருப்பதோ இக்காலச் சிறுகதையில் வேலை செய்யும் ஒருவரிடம் மட்டும் என்றால், சேர்ந்த பிறகு உங்கள் தலைப்பு சிறுகதைக்கு மாறும். பலருக்கு அப்படித்தான் மாறுகிறது. சேர்க்கை அறிவிப்பில் துறைவாரியாக இடங்களின் எண்ணிக்கை வரும்போது, எந்த நெறியாளரிடம் எத்தனை என்பதைத் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்பதில் தப்பொன்றும் இல்லை.

இன்னொரு கணக்கு வயது. ஓய்வுபெற மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக இருக்கும் ஆசிரியர் புதிதாக யாரையும் சேர்த்துக்கொள்ள முடியாது. மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஓய்வு வயது 65, தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் 60. ஆக முன்னதில் 62-ஐயும் பின்னதில் 57-ஐயும் தாண்டியவரிடம் போய் நிற்பதில் பொருளில்லை. எல்லைக்குச் சற்று முன்னால் இருப்பவரிடம் சேரலாம். ஆனால் உங்கள் ஆய்வு பாதியில் இருக்கும்போது அவர் ஓய்வுபெறுவார். அதன் பிறகு இணை நெறியாளராக 70 வயது வரை தொடர விதியில் இடம் உண்டு. முதன்மை நெறியாளராகத் துறைக்குள் வேறொருவர் வர வேண்டும். அந்த வேறொருவர் யார் என்பதையும் சேரும்போதே பேசி வைத்துக்கொண்டவர்கள் தப்பித்தார்கள்.

பல்கலைக்கழக வளாகத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. ஆய்வு மையமாக ஏற்பு பெற்ற முதுகலைத் துறைகள் கல்லூரிகளிலும் உண்டு. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகள் 2021 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக்குள் வந்துவிட்டன. அந்தக் கல்லூரிகளில் சேர்ந்தாலும் பட்டம் அண்ணாமலையுடையதுதான். புதுச்சேரி லாஸ்பேட்டையில் காஞ்சி மாமுனிவர் பட்டமேற்படிப்பு மையமும், மொழியியல் பக்கம் சாய்பவர்களுக்கு மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. கல்லூரித் துறைகளைத் தாழ்வாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஊன்றிப் படிக்கும் ஒரு நெறியாளர் அரசுக் கல்லூரியில் இருந்தால், பெரிய வளாகத்தில் கைக்கு எட்டாத ஒருவரைவிட அவரே மேல்.

பழைய ஆய்வேடுகள் சொல்வது

நெறியாளரை அறிய எளிய வழி, அவரிடம் ஏற்கெனவே முடித்தவர்களின் ஆய்வேடுகளைப் பார்ப்பது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா தளத்தில் நெறியாளர் பெயரைக் கொண்டே தேடலாம். ஆங்கிலத்தில் ஒரே பெயருக்கு நான்கு எழுத்துக்கூட்டல்கள் இருக்கும், தலைப்பெழுத்து முன்னும் பின்னும் மாறும்; எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். கடலூர்க் கல்லூரி நெறியாளர்களின் பழைய மாணவர்களைத் தேடும்போது அண்ணாமலையோடு நிறுத்தாமல் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் பக்கத்தையும் திறந்து பாருங்கள், முன்பு இணைப்பு அங்கேதான் இருந்தது.

ஐந்தாறு ஆய்வேடுகள் கிடைத்தால் போதும். முதலில் தலைப்புகளை வரிசையாக எழுதுங்கள். "இன்னார் நாவல்களில் பெண்", "இன்னார் சிறுகதைகளில் சமுதாயம்", "இன்னார் கவிதைகளில் மனித நேயம்" என்று எழுத்தாளர் பெயர் மட்டும் மாறிக்கொண்டே போனால், உங்களுக்கும் அந்த வரிசையில் அடுத்த தலைப்புத்தான் காத்திருக்கிறது. அடுத்து பதிவுசெய்த ஆண்டும் முடித்த ஆண்டும். எல்லாப் பதிவிலும் இரண்டும் இருக்காது, இருக்கும் இடத்தில் கழித்துப் பாருங்கள். நான்கு, ஐந்து ஆண்டுகள் என்றால் இயல்பு. ஒருவரிடம் தொடர்ந்து எல்லாரும் எட்டு ஆண்டு எடுத்திருந்தால் ஏதோ ஒரு கட்டத்தில் இயல்கள் மேசையில் தூங்குகின்றன.

பிறகு முன்னுரையையும் துணைநூற்பட்டியலையும் திறக்க வேண்டும். இயல்களை முழுதாகப் படிக்காமலே பட்டியல் நிறையச் சொல்லிவிடும். முதன்மை ஆதாரங்கள் தனியே பிரிக்கப்பட்டிருக்கின்றனவா? சங்கப் பாடல் ஆய்வென்றால் எந்தப் பதிப்பு என்று இருக்கிறதா? குறுந்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். சௌரிப்பெருமாள் அரங்கனார் 1915-இல் பதிப்பித்தார், உ.வே.சா. பதிப்பு 1937-இல் வந்தது, பாடவேறுபாடுகள் உண்டு. குறுந்தொகையில் ஆய்வேடு எழுதியவர் ஒரு மலிவுப் பதிப்பை மட்டும் பட்டியலில் போட்டிருந்தால், அதைக் கேட்க வேண்டிய நெறியாளர் கேட்கவில்லை என்று பொருள். முன்னாய்வுகள் பத்தி நெறியாளரின் மற்றொரு மாணவரின் ஆய்வேட்டில் வந்த அதே வரிகளோடு இருந்தால், அந்த இடத்துக்கு விண்ணப்பிக்கவே வேண்டாம். கருத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் தமிழ் எழுத்தில் இன்னும் சரியாக வேலை செய்வதில்லை என்ற தைரியத்தில் நடக்கும் வேலை அது. நாளைக்குப் பட்டத்தையே பறிக்கும்.

பதிவுகளைப் பார்த்த பிறகு ஆட்களைப் பாருங்கள். அந்த நெறியாளரிடம் இப்போது இருக்கும் ஆய்வாளர் இரண்டு பேரையாவது கேன்டீனில் உட்கார வைத்துப் பேச வேண்டும். "அண்ணா, சார் நல்லவரா?" என்று கேட்டால் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். "அக்கா, கடைசியா கொடுத்த இயலை மேடம் எத்தனை நாள்ல திருப்பிக் கொடுத்தாங்க? திருத்தம் போட்டிருந்தாங்களா, கையெழுத்து மட்டும்தானா?" என்று கேளுங்கள். ஆர்.ஏ.சி. என்ற ஆய்வு ஆலோசனைக் குழுவின் கூட்டம் பருவந்தோறும் நடக்கிறதா, தாளில் மட்டும் நடக்கிறதா என்று கேளுங்கள். வீட்டு வேலை, பிள்ளையைப் பள்ளியில் விடுவது, விடைத்தாள் கட்டு தூக்குவது, வைவா என்ற வாய்மொழித் தேர்வு அன்றைக்கு விருந்துச் செலவு, இவையெல்லாம் யார் தலையில் விழுகின்றன என்பதையும் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். பெண் ஆய்வாளர்கள் சொல்வதையும், பதில் சொல்லாமல் விடுவதையும் கூடுதல் கவனத்தோடு கேட்க வேண்டும். இந்த விசாரிப்புக்குச் செலவாகும் இரண்டு பகல்கள் ஐந்து ஆண்டுகளைக் காப்பாற்றும்.

தலைப்பு எங்கிருந்து வருகிறது

என் கருத்தில் ஒரு முனைவர் பட்டத்தின் தலையெழுத்து இங்கேதான் முடிவாகிறது. "முதல்ல சேரு, தலைப்பை கைடு குடுப்பாரு" என்ற வாசகம் நம் பக்கத்தில் எல்லார் வாயிலும் இருக்கிறது. நெறியாளர் கொடுக்கும் தலைப்பு தவறானதாகவே இருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் வாங்கிக்கொண்ட தலைப்பில் மூன்றாம் ஆண்டு வரும் சோர்வை எதிர்கொள்ள மாணவரிடம் எதுவும் இருக்காது. அதைவிட முக்கியம், கையில் தலைப்பு இல்லாமல் போனால் எந்த நெறியாளர் பொருத்தம் என்று தேடவே வழியில்லை. ஆர்வம் என்னவென்று தெரிந்தால்தான் ஆளைத் தேட முடியும்.

தலைப்பை ஒரு கருத்திலிருந்து தொடங்காமல் மூலத்திலிருந்து தொடங்குங்கள். நான் படிக்கப்போகும் மூலம் எது, எங்கே இருக்கிறது, அங்கே எனக்குப் போக முடியுமா, படிக்கத் தெரியுமா? இந்த நான்குக்கும் பதில் சொல்ல முடிந்த அன்றைக்கு "பெண்ணியம்", "பண்பாடு", "பின்காலனியம்" போன்ற சொற்கள் தாமாகவே இடம் தெரிந்து உட்காரும், அல்லது தேவையில்லை என்று தெரிந்து விலகும்.

கடலூரிலிருந்து ஒரு தலைப்பை எடுத்துப் பார்ப்போம். "கடலூர் மாவட்ட நாட்டுப்புறப் பாடல்கள்" என்று எழுதிக்கொண்டு வருபவர்கள் அதிகம். இது ஒரு ஆய்வுக்கான தலைப்பே இல்லை, பத்து ஆய்வுகளுக்கான நிலப்பரப்பு. வகையைக் குறுக்கினால் ஒப்பாரி. இடத்தைக் குறுக்கினால் தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு போன்ற இரண்டு மீனவக் கிராமங்கள். கேள்வியைக் குறுக்கினால், 2004 ஆழிப்பேரலையில் இறந்தவர்களுக்காகப் பாடியவற்றில் கடலை எப்படி அழைக்கிறார்கள், தாயாகவா, கொன்றவளாகவா, இரண்டுமாகவா? இப்போது வேலை கண்ணுக்குத் தெரிகிறது. கூடவே சிக்கல்களும் தெரிகின்றன. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்பார்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு போய் "பாடுங்க அம்மா" என்றால் பாட மாட்டார்கள். வீட்டுக்கு வெளியே, தோப்பிலோ கோயில் திண்ணையிலோ உட்கார்ந்தால் சிலர் பாடுவார்கள், அதுவும் பலமுறை போய்ப் பழகிய பிறகு. ஒரு மணி நேர ஒலிப்பதிவைத் தாளில் எழுத ஆறிலிருந்து எட்டு மணி நேரம் பிடிக்கும். ஐம்பது பாடல் சேர்ப்பதற்கே ஒரு ஆண்டு. பாடியவரின் ஒப்புதல், பெயர் போடலாமா வேண்டாமா என்ற முடிவு, இவையும் முன்மொழிவிலேயே வர வேண்டும். இந்த அளவுக்கு யோசித்துவிட்டவருக்கு நெறியாளர் யார் என்பது பாதி விளங்கிவிடும்: களப்பணி செய்தவராக இருக்க வேண்டும். பதிப்பு ஆய்வில் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் களத்துக்குப் போகாதவரால் இந்த மாணவருக்கு உதவ முடியாது.

புதுச்சேரிப் பக்கம் வேறு வகை வளம். 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஏட்டுச்சுவடிகள் உலகப் புகழ் பெற்றவை. புதுச்சேரியில் உள்ள சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. இதைக் கேள்விப்பட்டதும் "சுவடியியலில் செய்கிறேன்" என்று கிளம்பும் தமிழ் மாணவர் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அந்தத் தொகுப்பில் பெரும்பகுதி கிரந்த எழுத்தில் உள்ள வடமொழி. கிரந்தம் படிக்கவும் ஆகம வடமொழியைப் புரிந்துகொள்ளவும் சேருவதற்கு முன்பே ஒரு ஆண்டாவது உழைக்காவிட்டால் அந்த அலமாரி உங்களுக்குத் திறந்தும் பயனில்லை. அதுபோல பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் தமிழ் உரைநடை, ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு போன்றவற்றில் இறங்குபவருக்குத் தமிழ் மட்டும் போதாது. அன்றைய கணக்குச் சொற்களும் பாரசீக, போர்த்துகீசியக் கலப்பும் தெரிய வேண்டும், பிரெஞ்சுக்காரர் பக்கத்து ஆவணங்களைப் படிக்கப் பிரெஞ்சும் வேண்டும். பிரெஞ்சு கற்க இதைவிட வசதியான ஊர் தமிழருக்கு வேறில்லை. முதுகலை இரண்டாம் ஆண்டிலேயே மாலை வகுப்பில் சேர்ந்துவிட வேண்டும்.

பாரதியார் 1908 முதல் 1918 வரை இங்கே வாழ்ந்தார் என்பதால் பாரதி ஆய்வுக்கு ஆசைப்படுபவர்களும் அதிகம். அங்கே எழுதப்பட்ட ஆய்வுகள் மலைபோல் குவிந்திருக்கின்றன. கவிதைகளின் பொருளை மீண்டும் சொல்வதற்கு இனி இடமில்லை. அந்தப் பத்தாண்டுகளின் பத்திரிகைகள், தணிக்கை, அச்சகங்கள், பிரதிகள் எல்லை தாண்டிய வழி என்று கவிதைக்கு வெளியே இருந்த அச்சுலகின் பக்கம் போனால் இன்னும் வேலை இருக்கிறது. அதற்கான இதழ்களைத் தேடிச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் உ.வே.சா. நூலகத்துக்கும் பலமுறை போக வேண்டியிருக்கும். போகும் முன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டால் பஸ் செலவு மிச்சம்.

ஆங்கில இலக்கிய மாணவர்களுக்கும் இதே முறைதான். புலம்பெயர் இந்திய நாவலாசிரியர் ஒருவரின் மூன்று நாவல்கள், அதன்மேல் ஒரு கோட்பாடு என்ற அச்சில் வரும் முன்மொழிவுகளை நேர்காணல் குழு நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கும். இரண்டு மொழி தெரிவது நம் பிள்ளைகளின் பலம். மொழிபெயர்ப்பு, ஒப்பிலக்கியம், பழைய பாடநூல்கள் வழியாக இந்தப் பகுதியில் ஆங்கிலக் கல்வி பரவிய கதை என்று அந்தப் பலத்தைப் பயன்படுத்தும் தலைப்புகளை நான் எப்போதும் பரிந்துரைப்பேன்.

சினாப்சிஸ் என்ற ஆய்வு முன்மொழிவை எழுதும்போது 1,500 முதல் 2,000 சொற்கள் போதும், பல்கலைக்கழகம் வேறு அளவு சொன்னால் அதன்படி. முதல் பத்தியிலேயே ஆய்வுக் கேள்வி வந்துவிட வேண்டும். "தமிழ் மொழி தொன்மையானது" என்று தொடங்கும் முன்மொழிவை இரண்டாம் பக்கம் வரை யாரும் படிப்பதில்லை. முன்னாய்வுகள் பகுதியில் நூல் பெயர்களை அடுக்காமல் உங்கள் கேள்விக்கு மிக அருகில் வந்த மூன்று நான்கு ஆய்வுகளை எடுத்து, அவை எதைச் செய்தன, எங்கே நின்றன என்று எழுதுங்கள். கருதுகோள் தவறாகப்போகும் வாய்ப்புள்ள ஒரு கூற்றாக இருக்க வேண்டும். "சங்கப் பாடல்களில் இயற்கை சிறப்பாக இடம்பெற்றுள்ளது" என்பதை யாராலும் மறுக்க முடியாது, அதனாலேயே அது கருதுகோளாக நிற்காது.

இதை இரண்டு பக்கமாகச் சுருக்கி நெறியாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அஞ்சல் பத்து வரிக்கு மேல் வேண்டாம்: நீங்கள் யார், என்ன படித்தீர்கள், எதைச் செய்ய விரும்புகிறீர்கள், அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்து இவரிடம் வர நினைத்தீர்கள், வரும் சேர்க்கையில் அவரிடம் இடம் இருக்குமா. புகழுரை எதுவும் வேண்டாம். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள், பிறகு நேரில் போய்ப் பாருங்கள். பக்கத்து ஊர்தானே. அவர் உங்கள் இரண்டு பக்கத்தையும் பேனாவோடு படித்து நாலு கேள்வி கேட்டால், அந்த ஒரு சந்திப்பே உங்களுக்குப் பதில்.

70-உம் 30-உம்

2024-25 முதல் முனைவர் சேர்க்கைக்கு நெட் மதிப்பெண்ணைப் பயன்படுத்த யுஜிசி வழிவகுத்தது. முடிவு மூன்று பிரிவாக வருகிறது: ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகையுடன் உதவிப் பேராசிரியர் தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதியும் முனைவர் சேர்க்கையும், முனைவர் சேர்க்கை மட்டும். பின்னிரண்டு பிரிவினருக்கு நெட்டுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும். அவர்களுடைய மதிப்பெண் சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும். ஜே.ஆர்.எஃப். பெற்றவர்களுக்கு நேர்காணலே எல்லாம். மாநிலப் பல்கலைக்கழகங்கள் சொந்தமாக நுழைவுத்தேர்வு நடத்தும்போது பாதி வினாக்கள் ஆராய்ச்சி முறையியலிலிருந்து வரும், பாதி பாடத்திலிருந்து. இலக்கிய மாணவர்கள் கோட்டை விடுவது முதல் பாதியில்.

30 என்பது சின்ன எண்ணாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் நெட்டில் 96 பெர்சன்டைல், அதில் 70 விழுக்காடு 67.2, நேர்காணலில் 30-க்கு 12: மொத்தம் 79.2. இன்னொருவர் 88, அதில் 70 விழுக்காடு 61.6, நேர்காணலில் 24: மொத்தம் 85.6. தேர்வில் எட்டுப் புள்ளி பின்தங்கியவர் முன்னால் போய்விட்டார். ஜே.ஆர்.எஃப். வைத்திருப்பவர்கள் "எனக்கு எப்படியும் கிடைக்கும்" என்று தயாரிப்பில்லாமல் போய் இடம் இழப்பதும் நேர்காணலைக் குறைத்து மதிப்பிடுவதால்தான்.

நேர்காணலில் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடம். மூலம் எது, எந்தப் பதிப்பு, ஏற்கெனவே யார் செய்திருக்கிறார்கள், நீ என்ன புதிதாகச் சொல்வாய், இந்தத் துறையில் யாரிடம் செய்ய விரும்புகிறாய். இவ்வளவுதான் கேள்விகள், வேறு வேறு உருவத்தில் வரும். கோட்பாட்டாளர் பெயரைச் சொன்னால் அவருடைய எந்த நூல் என்று கேட்பார்கள், நீங்கள் படித்த பெயரை மட்டும் சொல்லுங்கள். மூலத்திலிருந்து ஒரு பாடலையோ ஒரு பத்தியையோ மனப்பாடமாக வைத்துக்கொண்டு, கேட்டால் அங்கேயே பொருள் விரித்துக் காட்டத் தயாராக இருங்கள்.

சான்றிதழ் பற்றி ஒன்று. முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும், எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயர் அல்லாத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு. புதுவைப் பல்கலைக்கழகம் மத்திய அரசு நிறுவனம். தமிழ்நாட்டு பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழை மட்டும் கொண்டுபோனால் ஓ.பி.சி. ஒதுக்கீட்டில் இடம் தர மாட்டார்கள். மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் வரவில்லை என்று குறிப்பிட்ட, நடப்பு நிதியாண்டுக்கான ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் மனுப் போட்டு வட்டாட்சியர் ஒப்புதல் வர நாட்கள் பிடிக்கும். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் கிடைக்காது. தகுதி இருந்தும் ஒரு தாளால் இடம் போவதைப் பார்க்க மனசு பொறுப்பதில்லை.

பணமும் நேரமும்

ஜே.ஆர்.எஃப். தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு மதிப்பீடு முடிந்தால் 42,000. மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஜே.ஆர்.எஃப். இல்லாத முழுநேர ஆய்வாளருக்கு நெட் அல்லாதோர் உதவித்தொகையாக மாதம் 8,000. மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதுவும் எல்லாருக்கும் உறுதியில்லை, ஒவ்வொரு அரசுத் திட்டத்துக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். உதவித்தொகை இல்லாத முழுநேர மாணவருக்குக் காலாப்பட்டுக்கும் சிதம்பரத்துக்கும் உள்ள மிகப் பெரிய வேறுபாடு இந்த 8,000 ரூபாய்தான் என்று வெளிப்படையாகச் சொல்லலாம், அதை வைத்து முடிவெடுப்பதில் வெட்கமில்லை. தொகை மாதாமாதம் ஒழுங்காக வரும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். ஆய்வில் தொடர்கிறீர்கள் என்ற மாதச் சான்று இணையத்தில் ஏறத் தாமதமானால் மூன்று மாதம் சேர்ந்து வரும். நான்கு மாதச் செலவு கையில் இல்லாமல் வேலையை விட்டுவிட்டுச் சேரக் கூடாது.

பகுதிநேரம் என்பது கௌரவ விரிவுரையாளர்களும் பள்ளி ஆசிரியர்களும் எடுக்கும் வழி. வேலை செய்யும் இடத்தின் என்.ஓ.சி. என்ற தடையின்மைச் சான்று வேண்டும், கோர்ஸ் ஒர்க் என்ற தொடக்கப் பாடங்களில் விலக்கு இல்லை: குறைந்தது 12 கிரெடிட், 55 விழுக்காடு. வாரத்தில் தொடர்ச்சியாக ஆறு மணி நேரம் ஒரே நாளில் கிடைக்காதவர்கள் பகுதிநேரத்தில் சேர்ந்தால் இழுத்துக்கொண்டே போகும். தினம் இரவு ஒரு மணி நேரம் என்ற திட்டம் சுருக்கக் குறிப்பு எடுக்கத்தான் உதவும், இயல் எழுத உதவாது. பெண்களுக்கு மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரையும், கால வரம்பில் கூடுதலாக இரண்டு ஆண்டும் விதியில் இருக்கின்றன. திருமணமாகி ஊர் மாறினால் ஆய்வை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. கேட்டால்தான் தருவார்கள், விதி எண்ணோடு எழுத்தில் கேளுங்கள்.

ஆய்வேடு கொடுப்பதற்கு முன் ஆய்விதழில் கட்டுரை வெளியாகியே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 ஒழுங்குமுறை எடுத்துவிட்டது. பல்கலைக்கழகம் தன் விதியில் வைத்திருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்ற ஆய்விதழ்களைக் குறித்த யுஜிசி கேர் பட்டியலும் 2025 தொடக்கத்தில் கைவிடப்பட்டுவிட்டது. ஆனாலும் "மூவாயிரம் கட்டு, அடுத்த மாசம் கட்டுரை வந்துடும்" என்று வாட்ஸ்அப்பில் வரும் இதழ்கள் ஓயவில்லை. வேலைக்கான நேர்காணலில் அந்தக் கட்டுரைகள் உங்களுக்கு எதிராகத்தான் பேசும்.

இரண்டு இடமும் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நெறியாளர்களிடமும் ஒரே கேள்வியை வைத்துப் பாருங்கள்: "முதல் ஆறு மாசத்துல நான் எதைப் படிக்கணும் சார்?" ஒருவர் நூல்களின் பெயரைச் சொல்வார், ஒருவர் "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். நூல் பெயர் சொன்னவரிடம் சேருங்கள். வேண்டாம் என்று முடிவான இடத்துக்குக் கட்டணம் கட்டும் கடைசி நாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கும் விடுதி அறையும் வீட்டில் ஒப்புதலும் தேட நாள் வேண்டும். மாற்றுச் சான்றிதழையும் இடம்பெயர்வுச் சான்றிதழையும் ஓரிடத்தில் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க வாரக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும், ஆகவே முடிவு உறுதியாகும் வரை அசலைக் கையிலிருந்து விடாதீர்கள்.